ஓதம் ஏறாத சுவர்

ஜூன் பிறந்துவிட்டால் ஊட்டி காந்தலில் சுவர்களுக்கு ஓதம் ஏறி வியர்க்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு உப்பும், பெயின்ட் உரியும், பீரோவுக்குப் பின்னால் பூஞ்சணம் படரும். மடித்து வைத்த பேண்டை ஆடி மாதத்தில் எடுத்தால் முழங்கால் பக்கம் பச்சையாக இருக்கும். ஊர்க்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ரவிச்சந்திரனும் எடுத்துக்கொண்டதில்லை, இனிமேல் மீட்டிங்கில் எல்லோரும் கேமராவைப் போட்டே ஆக வேண்டும் என்று அவன் கம்பெனி உத்தரவு போடும்வரை.

பெங்களூரில் இருக்கும் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அவன் வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். இடிபட்ட கார்களின் படங்கள் வரும். எது விபத்தில் நசுங்கியது, எது முன்பே நசுங்கியிருந்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பொறுமையான வேலை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு பார்க்கலாம். கேமரா வந்த அன்று குல்லாயை மட்டும் கழற்றினான். பின்னால் இருந்ததைக் கழற்ற முடியவில்லை.

பின்னால் ஒரு கொடிக்கயிறு. அதில் காயாத துணிகள். கீழே அரிசி டிரம், காஸ் சிலிண்டர், மூன்று கால் மட்டுமே உள்ள நாற்காலி. எல்லாவற்றுக்கும் நடுவே, கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி கேமராவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அவன் அப்பா தங்கவேலு.

மேனேஜர் சரத் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். "ரவி, நீங்க எந்த ரயில்வே ஸ்டேஷன்ல இருக்கீங்க? ட்ரெயின் லேட்டா?"

திரையில் இருந்த சின்னச் சின்னக் கட்டங்களெல்லாம் குலுங்கிச் சிரித்தன. ரவிச்சந்திரனும் சிரித்து வைத்தான். மீட்டிங் முடிந்ததும் சமையலறைக்குப் போய் மனைவி கோகிலவாணியிடம் சொன்னான். அவளும் சிரித்துவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, அந்த ஆளு பின்னாடி என்னங்க இருந்துச்சு?"

"புத்தக அலமாரி. தரையில இருந்து கூரை வரைக்கும். எல்லாம் தோல் அட்டை போட்ட புத்தகம்."

"அப்படிங்களா," என்றாள் கோகிலவாணி. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

கோகிலவாணிக்குக் காரமடை சொந்த ஊர். கல்யாணமாகி ஊட்டிக்கு வந்த பிறகு, கமர்ஷியல் ரோட்டில் ஒரு துணிக்கடையில் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்குப் புடவை கட்டிவிடும் வேலை பார்த்தாள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் நின்றால் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கடை மூடிய பிறகு அந்தக் கண்ணுக்கு வேலையில்லாமல் இருந்தது. இப்போது அது விழித்துக்கொண்டது.

அன்று மத்தியானம் அவள் வீட்டுச் சுவர்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தாள். ஹால் சுவர் ஈரம். சமையலறைச் சுவர் ஈரம். படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் கையில் சுண்ணாம்பு ஒட்டியது. கடைசியில் உள் அறையில் மாமனாரின் கட்டிலுக்குப் பின்னால் கையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தச் சுவர் காய்ந்திருந்தது. அதோடு, ஆறத் தொடங்கிய சப்பாத்தியைத் தொட்டதுபோல் வெதுவெதுப்பாகவும் இருந்தது.

"மாமா, இந்தச் சுவரு சூடா இருக்குதுங்களே!"

தங்கவேலு வேறு பக்கம் பார்த்தார். "இருக்கும்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா?"

"தெரியும். அந்தப் பக்கம் பாயோட வர்க்கி அடுப்பு. சொன்னா எல்லாரும் வந்து சாஞ்சுக்குவீங்கன்னுதான் சொல்லல."

பக்கத்து வீடு ஜலாலுதீனின் பேக்கரி. வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட்டை விறகு அடுப்பில் போட்டு ஊட்டிக் கடைகளுக்குக் கொடுப்பவர். அந்த அடுப்பின் முதுகுதான் இந்தச் சுவர். பல வருடங்களாகத் தங்கவேலு மட்டும் ரகசியமாகக் குளிர் காய்ந்துகொண்டிருந்திருக்கிறார்.

கட்டிலை நகர்த்த அவர் எளிதில் ஒப்பவில்லை. அவர் சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இளவயதில் கப்பலேறி வந்து, கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். மேனேஜர் என்று யாரைச் சொன்னாலும் அவருக்குத் தொரைதான்.

"தொரைக்கு ஆபீசு ஓடணும், சரி. என் முதுகுக்கு யாரு பதில் சொல்றது?"

"பகல்ல ஆபீசு, ராத்திரி உங்க கட்டிலுங்க மாமா. பகலுக்குச் சுடுதண்ணிப் பை வாங்கித் தர்றேன்."

"ரெண்டு பை," என்றார் தங்கவேலு. ஒப்பந்தம் முடிந்தது.

கோகிலவாணி வேலையைத் தொடங்கினாள். "முதல்ல எடுக்கணும், அப்புறந்தான் வைக்கணும்," என்பது அவள் சட்டம். கொடிக்கயிறு போயிற்று, டிரம் போயிற்று, சிலிண்டர் சமையலறைக்கே திரும்பியது. சுவருக்குத் தைல மரத்து இலையின் நிறத்தில், பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு பெயின்டை அடித்தாள். பளபளப்பு இல்லாத பெயின்ட்தான் வேண்டும், இல்லையென்றால் விளக்கு வெளிச்சம் கேமராவில் திட்டுத்திட்டாகத் தெரியும் என்று கடைக்காரரிடம் வாதாடி வாங்கி வந்தாள். பெரணி இலைகளைத் தடித்த புத்தகத்துக்குள் வைத்து நசுக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு மூன்றாக மாட்டினாள். "ஏன் மூணு? நாலு மாட்டினா சமமா இருக்குமே," என்றான் ரவிச்சந்திரன். "சமமா இருந்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமுங்க," என்றாள். ஒரு பலகைத் தட்டு, அதில் தொட்டியோடு ஒரு பெரணிச் செடி. ஜன்னலுக்கு நேர் எதிரே, கேமராவுக்குத் தெரியாத இடத்தில் ஒரு கண்ணாடி. ஊட்டியில் பகலில் வரும் கொஞ்ச நஞ்ச வெளிச்சம் அதில் பட்டு அவன் முகத்தில் விழுந்தது. கடைசியாக, மாமனார் வைத்திருந்த பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, உள்ளே மஞ்சள் பல்பு போட்டுத் தொங்கவிட்டாள்.

தங்கவேலு அதை அண்ணாந்து பார்த்தார். "கூடை தலகீழா இருக்கு. கொழுந்தெல்லாம் கொட்டிப் போகும்."

"அதுல வெளிச்சந்தானுங்க கொட்டும், மாமா."

அடுத்த மீட்டிங்கில் ரவிச்சந்திரன் கேமராவைப் போட்டதும் சரத் தலையை முன்னால் நீட்டிப் பார்த்தார். "ரவி! ரிசார்ட்டுக்கு எதுக்குப் போனீங்க? லீவ் அப்ளை பண்ணலையே!"

"வீடுதான் சார்."

ஒரு விநோதம் நடந்தது. ரவிச்சந்திரன் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த யோசனை ஒன்று உண்டு. இடிபட்ட காரின் படத்தை ஒரு பக்கம் மட்டும் எடுக்காமல் சுற்றி எடுக்கச் சொல்ல வேண்டும் என்பது. கேமரா இல்லாமல் சொன்னபோதும், காயாத துணிக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னபோதும் அது யார் காதிலும் ஏறியதில்லை. பச்சைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னதும், "வெரி இன்ட்ரஸ்டிங்" என்று இரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் அதைக் கம்பெனியின் விதியாகவே ஆக்கிவிட்டார்கள். ரவிச்சந்திரன் இடுப்புக்கு மேலே கோட்டும், இடுப்புக்குக் கீழே கம்பளி பைஜாமாவுமாக வளர்ந்துகொண்டிருந்தான். மேஜைக்கு அந்தப் பக்கம், கேமராவுக்குப் படாத மூலையில், தங்கவேலு இரண்டு சுடுதண்ணிப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்து தொரை பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். பாத்ரூம் போக வேண்டுமென்றால் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போவார். ஒரு முறை சரத், "ரவி, நாய் வளர்க்கிறீங்களா?" என்று கேட்டார்.

அன்று சரத் இன்னொன்றும் கேட்டார். "ஊட்டியில இந்த மழையில உங்க ரூம் மட்டும் இப்படி இருக்கே, குளிரே தெரியலையா?"

"இல்ல சார். சுவருக்குப் பின்னாடி எப்பவும் நெருப்பு எரியும்."

"ஃபயர்ப்ளேஸ்! அப்ப பழைய வெள்ளைக்காரன் பங்களாவா?"

ரவிச்சந்திரன் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து நெட் நின்றுபோனது. திரும்ப வந்தபோது அவர்கள் வேறு விஷயத்துக்குப் போயிருந்தார்கள். அவன் வாயை மூடிக்கொண்டான். நெட்டின் மேல் பழி போட வசதியாக இருந்தது.

சுவரின் புகழ் தெருவிலும் பரவியது. ஜலாலுதீனின் மகள் ஆலியா பேங்க் வேலைக்கான இன்டர்வியூவை அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து முடித்து, வேலையும் வாங்கிவிட்டாள். அதன் பிறகு சாயங்காலங்களில் வீட்டுக்குள் கூட்டம். வெளிநாட்டு மாப்பிள்ளையோடு வீடியோவில் பேச ஒரு பெண் வந்தாள். அடுத்த வாரம் கீழ்த் தெருவிலிருந்து இன்னொரு பெண் வந்தாள். ஒரே மாப்பிள்ளை இரண்டு பெண்களையும் ஒரே கூடை விளக்கின் கீழ் பார்த்துவிட்டு, இதென்ன அக்கா தங்கையா என்று தரகரைக் கேட்டதோடு கோகிலவாணி கல்யாணப் பேச்சுகளுக்கு மட்டும் தடை போட்டாள்.

ஆகஸ்டில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது. மீட்டிங் முடியும் நேரத்தில் சரத் உற்சாகமாகச் சொன்னார்: "ரவி, நானும் என் வைஃபும் ஊட்டி வர்றோம். சனிக்கிழமை உங்க பங்களாவுல டீ!"

கேமராவை அணைத்துவிட்டு ரவிச்சந்திரன் அப்படியே மேஜையில் தலை கவிழ்ந்தான்.

"ஊர்ல இல்லைன்னு சொல்லிடலாம்," என்றான். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாம்."

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றது மேஜைக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

"வரட்டுமுங்க," என்றாள் கோகிலவாணி. "ஒரு சுவரை மாத்தினவளுக்கு ஒரு ஊட்டை மாத்த முடியாதுங்களா?"

அவள் கண்கள் ஹாலை அளந்தன. அந்தப் பார்வையைக் கண்டாலே ரவிச்சந்திரனுக்கு இடுப்பு வலிக்கும். அவன் பயந்தது போலவே திங்கட்கிழமை முதல் தூக்கல்தான். பெரிய டிரங்க் பெட்டி, ஓடாத கிரைண்டர், பழைய டிவி, உப்பிப்போன கதவு ஒன்று, சாயம் போன பிளாஸ்டிக் குடங்கள், மூன்று கால் நாற்காலி. நாற்காலியைப் பழைய சாமான்காரருக்குப் போடலாம் என்று அவள் சொன்னபோது தங்கவேலு குறுக்கே நின்றார்.

"நாலாவது காலு பண்ணணும்னு வச்சிருக்கேன்."

"எத்தனை வருஷமா வச்சிருக்கீங்க?"

"மரம் அமையணும்ல."

எல்லாவற்றையும் எங்கே வைப்பது? ஜலாலுதீன் பெரிய மனதோடு பேக்கரிக்குப் பின்னால் இருந்த குடோனைத் திறந்துவிட்டார். "விறகு தீரப் போகுது, குடோன் காலியாத்தான் இருக்கு. தாராளமா வச்சுக்கோம்மா. உன் சுவராலதான் என் பொண்ணு இன்னைக்குப் பேங்குல உக்காந்திருக்கு." அவர் மனைவி ஹாஜிரா நான்கு நல்ல பீங்கான் கோப்பைகளையும் பூப்போட்ட மேசை விரிப்பையும் எடுத்துக்கொடுத்தார்.

ஹால் காலியானதும் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் சுவர் இன்னும் மோசமாகத் தெரிந்தது. கோகிலவாணி பெயின்ட் அடித்துப் பார்த்தாள். காலையில் எழுந்து பார்த்தபோது பெயின்ட் முழுசாகக் கழன்று, வெந்த தோசை மாதிரி தரையில் மடிந்து கிடந்தது. அவள் அசரவில்லை. கூரையை ஒட்டிக் கம்பி கட்டி, மேலிருந்து தரைவரை வெள்ளைக் கோரா துணியைச் சுருக்கம் வைத்துத் தொங்கவிட்டாள். ஈரச் சுவர் முழுக்க மறைந்தது. கூரையும் உயர்ந்தது போலிருந்தது. தேயிலைச் செடியின் வேர்க்கட்டை ஒன்றை வாங்கிவந்து, மேலே கண்ணாடி வைத்து டீப்பாய் ஆக்கினாள். சோபா இல்லை. இருந்த பெஞ்சின் மேல் மெத்தையை மடித்துப் போட்டு, அவளுடைய பழைய பட்டுப் புடவையைக் கிழித்துத் தைத்த திண்டுகளைச் சாய்த்தாள்.

தங்கவேலு தம் பங்குக்கு வெளியே இறங்கினார். தொரை வருகிறார் என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். வாசல் படிக்கு அடித்தார். சாக்கடை ஓரக் கற்களுக்கு அடித்தார். கரண்ட் கம்பத்துக்கு இடுப்புயரம் அடித்தார். கையில் இன்னும் கொஞ்சம் மீதியிருந்தது என்று தெருவில் நின்ற யாருடையதோ ஒரு ஸ்கூட்டரின் டயரிலும் அடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை வீடு தயார். வாசலில் நின்று பார்த்த ரவிச்சந்திரனுக்குத் தன் வீட்டுக்குள் செருப்போடு நுழையக் கூச்சமாக இருந்தது. சனிக்கிழமை விடியற்காலையில் கோகிலவாணியின் அலறல் கேட்டு அவன் எழுந்து ஓடினான்.

பச்சைச் சுவர் முழுவதும் அப்பளம் அப்பளமாகப் பொரிந்து நின்றது. மேலிருந்து தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. பெரணி இலைச் சட்டங்களுக்குள் ஆவி படிந்து, இலை இருந்ததே தெரியவில்லை. தங்கவேலு கட்டிலில் போர்வைக்குள் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, என்னங்க ஆச்சு?"

"நேத்திலிருந்தே சுவரு சில்லுன்னுதான் கெடக்கு. நீங்க அலங்காரத்துல இருந்தீங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்தேன்."

கோகிலவாணி பேக்கரிக்கு ஓடினாள். அடுப்பு அணைந்து கிடந்தது. ஜலாலுதீன் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். வியாழக்கிழமை விறகு லோடு வந்திருக்கிறது. குடோன் முழுக்க இவர்கள் வீட்டுச் சாமான். விறகைத் தெருவில் இறக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார். அன்று இரவு அடித்த காற்றில் தார்ப்பாய் பறந்துவிட்டது. அத்தனை கட்டையும் நனைந்து, பற்றவைத்தால் புகைதான் வருகிறது. வெள்ளிக்கிழமை முழுக்க வர்க்கி போடவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணா!"

"நீ அவ்வளவு ஆசையா ஊட்டை ஒழுங்கு பண்ணிட்டு இருக்க. உங்க சாமானை எடுங்கன்னு எப்படிம்மா சொல்றது?"

கோகிலவாணி குடோன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இப்போது விளங்கியது. இரண்டு வீட்டுக் கூரையும் சேரும் இடத்தில் ஒழுகி இறங்கும் தண்ணீரை இத்தனை காலமும் அந்த அடுப்புதான் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறது. வீட்டை அழகாக்குகிறேன் என்று அவளே அதை அணைத்துவிட்டாள். ஒரு வாரமாக ஓடிய கால்கள் இப்போதுதான் வலிக்கத் தொடங்கின. அழுகையும் வந்தது.

பின்னாலேயே போர்வையோடு வந்த தங்கவேலு, குடோனுக்குள் எட்டிப் பார்த்தார். டிரங்கைப் பார்த்தார், உப்பிய கதவைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிவந்து ஜலாலுதீன் முன்னால் வைத்தார்.

"பாய், இது நல்ல காஞ்ச மரம். ஒடைங்க."

"மாமா, நாலாவது காலு?" என்றாள் கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"கழுத, எப்ப அமையறது அது. எனக்கு முதுகு வெறைக்குது."

நாற்காலியோடு உப்பிய கதவும் போயிற்று. பழைய டிவியின் மரப்பெட்டி போயிற்று. கால் ஆடும் ஸ்டூல் ஒன்று போயிற்று. ரவிச்சந்திரன் கோடாலியோடு நின்று பிளந்தான். கோகிலவாணி இத்தனை வருடமாக எறியச் சொல்லிக் கெஞ்சியதெல்லாம் ஒரு மணி நேரத்தில் அடுப்புக்குள் போனது. நெருப்பு பிடித்துக்கொண்டதும் ஈர விறகும் மெல்ல மெல்ல எரியத் தொடங்கியது. ஜலாலுதீன் முதல் தட்டு வர்க்கியை உள்ளே தள்ளினார்.

சுவர் காய்வதற்கு முன்பே விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

கார் சந்துக்குள் நுழையவில்லை. சரத்தும் அவர் மனைவி லிஜியும் ஒரே குடைக்குள் ஒட்டிக்கொண்டு, வெள்ளை அடித்த கற்களைத் தாண்டித் தாண்டி வந்தார்கள். திரையில் பார்த்ததைவிட சரத் குட்டையாக இருந்தார். அதைப் பார்த்ததும் ரவிச்சந்திரனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"பங்களா எங்க ரவி?" என்றார் சரத், சுற்றிலும் பார்த்து.

"சார், அது வந்து..." என்று தொடங்கிய ரவிச்சந்திரன் ஒரு மூச்சில் சொல்லி முடித்தான். "பங்களா இல்ல சார். இதுதான் வீடு. அன்னைக்குச் சொல்ல வந்தேன், நெட் போச்சு. அப்புறம் நெட் வந்துச்சு, நான்தான் சொல்லல."

சரத் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் லிஜி செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் போயிருந்தார். அவர் பாலக்காட்டுக்காரர். வெள்ளைத் துணித் திரையையும் வேர்க்கட்டை டீப்பாயையும் பட்டுத் திண்டுகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கொள்ளாமே! நல்லாருக்கே! யாரு பண்ணினது?"

"நான்தானுங்க," என்றாள் கோகிலவாணி.

சரத்துக்கு அந்தப் பச்சைச் சுவரைப் பார்க்க வேண்டும். யாரும் தடுப்பதற்குள் உள் அறைக்குப் போய்விட்டார். "இந்தச் சுவரா?" என்று அவர் கேட்பதும், பிறகு ஆதரவாக எதையோ பிடித்துக்கொள்வதும் கேட்டது. அவர் பிடித்தது பலகைத் தட்டு. ஈரத்தில் ஊறிய சுவர், ஆணியை மரியாதையாக விட்டுக்கொடுத்தது. தட்டும் செடியும் ஒரு கூடை அளவு மண்ணும் சரத்தின் தலையிலும் கோட்டிலும் இறங்கின.

எல்லோரும் அறை வாசலில் நின்று உறைந்து பார்த்தார்கள். தோளில் ஒரு பெரணிக் கொத்தோடு சரத் நின்றுகொண்டிருந்தார். தங்கவேலுதான் முதலில் அசைந்தார். தோட்டத்தில் தொரை சேற்றில் விழுந்தால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். சரத்தின் முழங்கையைப் பிடித்து, "வாங்க தொரை, நனைஞ்சு போனீங்க, காய வேணாமா," என்று யாரிடமும் கேட்காமல் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள். அங்கே அடுப்பின் வாய் சிவந்து கனன்றுகொண்டிருந்தது. மாவு மணமும் நெய் மணமும் கதகதப்பும் சேர்ந்து அறை முழுக்க நின்றன. தங்கவேலு மைதா மூட்டை ஒன்றைத் தட்டிக்கொடுத்துத் தொரையை உட்கார வைத்தார்.

"இந்த நெருப்பைத்தான் பையன் சொன்னது. பொய் சொல்லல அவன்."

ஹாஜிரா பீங்கான் கோப்பைகளை ரவிச்சந்திரன் வீட்டிலிருந்து திரும்ப எடுத்துவந்து டீ ஊற்றினார். ஜலாலுதீன் சூடான வர்க்கியைத் தட்டோடு வைத்தார். சரத் ஒன்றை டீயில் தோய்த்து வாயில் வைத்தார். மண் ஒட்டிய முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. இன்னொன்றை எடுத்தார். நான்காவதை எடுக்கும்போது லிஜி சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சேட்டா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"என்னத்த?" என்றார் சரத், வாய் நிறைய.

"இவரு மீட்டிங்ல அடிக்கடி மியூட் போட்டுக்குவாரு இல்லே?" என்று லிஜி ரவிச்சந்திரனிடம் கேட்டார்.

"ஆமாங்க. நாங்க பேசுறதைக் கவனிச்சுக் கேக்கறாருன்னு நெனச்சுக்குவோம்."

"வாஷிங் மெஷின் சுத்துது! இவரோட ஆபீசு, வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற துணி துவைக்கிற பால்கனிதான். அந்தப் புத்தக அலமாரி இருக்கே, அது ஸ்க்ரீன் துணியில அச்சடிச்ச படம். காத்தடிச்சா புத்தகமெல்லாம் ஆடும். கிளிப்பு போட்டு நான் பிடிச்சு நிக்கணும்."

ரவிச்சந்திரன் தன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் வர்க்கியைப் பார்த்தார்.

"ஒரு புத்தகம்கூட இல்லீங்களா சார்?"

"மெஷினோட யூசர் மேனுவல் இருக்கு," என்றார் சரத். அதன் பிறகு அவரும் சிரித்துவிட்டார். தங்கவேலுவுக்குப் பேச்சு முழுதாக விளங்கவில்லை. ஆனாலும் தொரை சிரித்ததால் அவரும் உரக்கச் சிரித்தார்.

அடுப்போரம் உட்கார்ந்து அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். ரயில்வே ஸ்டேஷன் என்று சொன்னதற்கு சரத் மன்னிப்புக் கேட்டார். அதைச் சொன்ன நேரத்தில் தன் காலடியில் சோப்புத் தண்ணீர் தேங்கி நின்றது என்றும் சொன்னார். லிஜி கோகிலவாணியைத் தனியாகக் கூப்பிட்டு, செல்போனில் தன் பால்கனியின் படங்களைக் காட்டினார். கோகிலவாணி ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அழுத கண் இன்னும் சிவந்துதான் இருந்தது, ஆனால் அதற்குள் அது ஒரு ஜன்னலையும் ஒரு மூலையையும் கண்டுபிடித்துவிட்டது.

"இதைச் சரி பண்ணலாமுங்க," என்றாள். "ஆனா அண்ணன் நான் சொல்றபடி கேக்கணும்."

"கேப்பாரு," என்றார் லிஜி.

போகும்போது சரத் இரண்டு பை வர்க்கி வாங்கிக்கொண்டார். கோட்டை மட்டும் ஹாஜிரா விடவில்லை. துவைத்துக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, ரவிச்சந்திரன் போர்வையைப் போர்த்திக்கொண்டு டீ குடித்தபடி மனைவியின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் அவனுடைய மேனேஜர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க ஒரு வாஷிங் மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தார். லிஜி பக்கத்தில் கை கட்டி நின்றார்.

"இன்னும் கொஞ்சம் இடதுபக்கமுங்க," என்றாள் கோகிலவாணி. "நில்லுங்க, நில்லுங்க. ஜன்னலை மறைக்காதீங்க. இப்ப அந்த பக்கெட்டையெல்லாம் எடுத்து வெளிய வைங்க."

"எல்லா பக்கெட்டுமா?" என்றார் சரத் மூச்சிரைக்க. பின்னால் நிற்கும் ரவிச்சந்திரனைப் பார்த்துவிட்டு, "ரவி, நீங்களாவது சொல்லுங்க. ஒண்ணு இருக்கட்டுமே?"

ரவிச்சந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"முதல்ல எல்லாத்தையும் எடுத்துடுங்க சார்," என்றான். "அதுக்கப்புறம் என்கிட்ட பேசுங்க."